முழு மின்னோட்டம்

அன்புள்ள உனக்கு,

ஆஸ்பத்திரியில் ஜன்னல் ஓரத்துப் படுக்கை கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். நல்லது. நானும் அத்தையும் இங்கே நலம். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. அத்தை அடியில் வாளியை வைத்துவிட்டு, "அவன் வந்து பாத்துக்குவான். நீ கைய வெக்காத, இருக்கிறதையும் கெடுத்துடுவ" என்கிறார். இயந்திரங்களோடு வேலை செய்கிற மருமகளுக்கு வீட்டில் இவ்வளவுதான் மரியாதை.

போன வாரம் ஆய்வுக்கூடத்திலிருந்து தாடி உன்னிடம் தொலைபேசியில் பேசினான் அல்லவா? "குண்டன் ஜோரா ஓடுது, நீ நிம்மதியா படு" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன். பேசி முடித்ததும் என் முகத்தைப் பார்க்காமல் மின்வழங்கி அறைக்குள் போய்விட்டான்.

அவன் சொன்னது பொய்.

நாம் குண்டன் என்று கொஞ்சுகிற நம் இணைவு உலை ஓடவில்லை. இனி ஓடப்போவதும் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் சேர்ந்து படித்தோம். ஒரே ஒரு தடவை முழு மின்னோட்டம் கொடுத்துப் பாருங்கள், அடுத்த வருஷம் என்று தள்ளாதீர்கள் என்று எழுதியிருந்தாய். வேறு யார் கேட்டிருந்தாலும் தாடி எகிறியிருப்பான். நடுத்தண்டின் காப்பு உறையைச் சோதிக்காமல் பாதி மின்னோட்டத்தைத் தாண்டக் கூடாது. நீ போட்ட விதி. அதைச் சொல்லி எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறாய்! அன்று யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. படுக்கையில் இருக்கிறவன் கேட்கிறான், முடியாது என்று எப்படிச் சொல்வது? ஆளாளுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்த்தோம். இயக்குநர் அம்மாதான், "ஆசையா கேக்கிறான். பண்ணிடலாம்ப்பா" என்றார்.

ஆசையாக. அந்தச் சொல் எனக்கு உறுத்தியது.

கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். முழு மின்னோட்டத்தில் பிளாஸ்மா, அந்த நெருப்பு வாயு, அணையாமல் நின்றது. இதுவரை நின்றதைப் போல இரண்டு மடங்கு நேரம். கண் சிமிட்டுகிற நேரம்தான். ஆனாலும் இரண்டு மடங்கு. என் காமிராவில் முழுவதும் பதிவாகியிருக்கிறது. ஓரம் மட்டும் இளஞ்சிவப்பு. உள்ளே இருட்டு. மிகச் சூடான இடம் கண்ணுக்குத் தெரியாது என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ சொன்னாய். அறையே கத்தியது. தாடி நாற்காலி மேல் ஏறி நின்று உன் பெயரைச் சொல்லிக் கூவினான்.

சந்தோஷத்தில் இன்னொரு தடவையும் ஏற்றினோம். அப்போது ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. மாடியில் யாரோ கட்டிலை நகர்த்தியது போல. பிறகு கருகல் வாடை.

நடுத்தண்டில் செம்புக் கம்பிகளுக்கு இடையே இருந்த உறை கிழிந்து, செம்பும் செம்பும் உருகி ஒட்டிக்கொண்டன.

ஒரு தண்டு போனால் இன்னொன்று மாட்டிக்கொள்ளக் கூடாதா என்று அத்தை கேட்டார். ஓர் ஆப்பிளை எடுத்துக் காட்டினேன். மற்ற ஊர்களில் இருப்பவை பெரிய வளையங்கள்; நடுவில் தாராளமாக இடம் இருக்கும். நம்முடையது இதைப் போல உருண்டை. சின்னக் கூட்டுக்குள்ளேயே அவ்வளவு சூட்டையும் பிடித்துவைக்கலாம் என்பதுதான் அதன் பெருமை. ஆனால் நடுவில் இந்தக் காம்புக் குழி அளவுக்குத்தான் இடம். அந்த இடுக்கில் நிற்கும் ஒற்றைத் தண்டுதான் எல்லாச் சுமையையும் தாங்க வேண்டும். அதைச் செய்து முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். மேலிடத்தில் அவ்வளவு பொறுக்க மாட்டார்கள். மூடச் சொல்லிவிட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை அந்த ஆப்பிளை வாங்கி நறுக்கி என் கையில் கொடுத்தார். "சாப்பிடு. மூஞ்சியே சரியில்ல" என்றார்.

உன்னிடம் மறைக்கச் சொல்கிறார்கள். உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாமாம். நானும் தலையாட்டினேன். குண்டன் ஓடுவதாக ஒரு கடிதம்கூட எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. கிழித்துவிட்டேன்.

ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உனக்கு ஏன் அவ்வளவு அவசரம்?

ஒரு திருகாணியைக்கூடச் சோதிக்காமல் முடுக்காதவன் நீ. அடுத்த வருஷம் என்று தள்ளாதீர்கள் என்று எழுதுகிற ஆள் இல்லை. சின்ன சிகிச்சைதான், மழை விடுவதற்குள் திரும்பிவிடுவேன், நீயும் வந்துவிட்டால் காமிராவை யார் பார்ப்பது என்று சொல்லி என்னை இங்கேயே நிறுத்தினாய். மழை விட்டு வெயிலும் வந்துவிட்டது. உன் எழுத்து வரிக்கு வரி சரிகிறது. மருத்துவர் என்ன சொன்னார் என்று நான் கேட்டால், ஜன்னலுக்கு வெளியே இருக்கிற மரத்தைப் பற்றி எழுதுகிறாய்.

குண்டன் போனதற்காக உன்னை நீ நொந்துகொள்ளாதே. நீ கேட்டாய், நாங்கள் செய்தோம். பிளாஸ்மா நின்றது அல்லவா? நீ சொன்னபடியே நின்றது. படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தலையணை பக்கத்தில் வைத்துக்கொள்.

என்னிடம் இருந்த கெட்ட செய்தியைச் சொல்லிவிட்டேன். உன்னிடம் இருப்பதை நீயும் எழுது. மரம் வேண்டாம்.

காமிராவைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று. என்னை இங்கே நிறுத்த இனி உன்னிடம் காரணம் எதுவும் இல்லை. அத்தையையும் அழைத்துக்கொண்டு கிளம்புகிறேன். அவரிடம் என்ன சொல்லட்டும்? எத்தனை நாளுக்குத் துணி எடுத்துவைக்கட்டும்? அதை மட்டும் சொல்.

வேளைக்குச் சாப்பிடு. தூங்கு. நாங்கள் வந்து சேரும்வரை இரு.

உன்
மனைவி