வெறுங்குடம்

ஜூலை 12, லிட்கம், சிட்னி

மலையில் பூட்டிக்கிடக்கும் எங்கள் கரவன் வண்டிவீட்டின் தண்ணீர்க் குழாய்கள் இனி உறைந்து வெடிக்கா. கடைசிச் சொட்டுவரை நானே வடித்துவிட்டேன். சிட்னியில் எந்தப் பிளம்பரும் இப்படிச் செய்யமாட்டான். பக்கத்து வெள்ளைக்காரர் கைதட்டினார். சரி, கையசைத்தார்.

கனடாவில் மகளோடு இருக்கும் மனைவியிடம் போனில் பெருமையடித்தேன்.

"வாசல் குடத்துத் தண்ணியையும் ஊத்திப்போட்டியளோ?"

"ஓமப்பா, எல்லாம் காலி."

"ஐயோ, நான் வந்து நுழையேக்க வெறுங்குடமோ முன்னுக்கு நிக்கும்?"

ஆறு மாதம் என்று போனவள். இது இரண்டாவது குளிர்காலம். வருவதைப் பற்றி இன்றுதான் வாய் திறந்தாள். எப்போதென்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

நாளை போய்க் குடத்தை நிரப்பி, என் கம்பளிச் சட்டையால் சுற்றிவைப்பேன். உறைந்து வெடித்தால் வேறு குடம் வாங்கலாம்.