கழட்டாத இன்ஜின்

அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்கா போடுறாங்களா? நான் நல்லா இருக்கேன். போன்ல நீங்க ரெண்டு வார்த்தையோட வச்சிடுறீங்க, அதான் எழுதுறேன்.

படிப்பை விட்டவன் கடைசி வரைக்கும் ஸ்பேனர்தான் எடுத்துக் கொடுப்பான்னு சொன்னீங்கல்ல? இந்த வாரம் ஒர்க்‌ஷாப்புல ஒரு கார் இன்ஜினை முதல் தடவையா நானே தனியா பிரிச்சு மாட்டினேன். எல்லாரும் சுத்தி நிக்க, சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகல.

"என்னடா, நட்டு ஏதாவது மிச்சம் இருக்கா?"ன்னு பெயிண்டர் கிண்டல் பண்ணாரு.

"பேசாம கழட்டிடு. நாளையிலிருந்து பழையபடி பார்ட்ஸ் கழுவு"ன்னாரு ஹெட் மெக்கானிக்.

ஸ்பேனரைக் கையில எடுத்தேன். ஆனா மாட்டினது நானாச்சே!

"கழட்ட மாட்டேண்ணே. என் வேலை சரி. இன்ஜினுக்கு வெளியில உங்கள்ல யாரோ கை வச்சிருக்கீங்க."

பார்த்தா, இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்புற பம்ப்போட ஃபியூஸைக் காணோம். அது ஹெட் மெக்கானிக் சட்டைப் பையில இருந்துச்சு! முதல் இன்ஜின் மாட்டுற எல்லாருக்கும் இங்க இதுதான் பரீட்சையாம். பயந்து கழட்டினவன் ஃபெயில்.

"இளிச்சது போதும், அடுத்த வண்டியை எடு"ன்னாரு. நான் பாஸான முதல் பரீட்சைப்பா இது!

உங்க ஸ்கூட்டர் காலையில மக்கர் பண்ணுதாமே, அம்மா சொன்னாங்க. கண்டவன்கிட்ட கொடுக்காதீங்க. நீங்க அதை உதைக்கிற சத்தத்தை போன்ல பதிஞ்சு அனுப்புங்க, கேட்டே கோளாறைச் சொல்லிடுவேன். நடுவுல அதைத் திட்டுவீங்கல்ல, அப்போ நிறுத்திடாதீங்க. அதுவும் வரட்டும். நீளமாவே பதிங்க.

வண்டி வந்து நிக்குது, கூப்பிடுறாங்க.

உங்க மகன்,
மெக்கானிக்