சீழ் பிடிக்காத நான்கு கம்பிகள்

மாமு,

இன்று காலை என் காலில் இருந்த நான்கு கம்பிகளையும் கழற்றினார்கள். அயோடின் வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு மழைக்காலம் முழுக்க உன் வீட்டில் அதே வாடைதான் அடித்தது, கூடவே சீழ் வாடையும்.

எண்ணூர் சாலையில் டிரெய்லர் இடித்தபோது உனக்குப் போட்ட அதே மாதிரிதான் எனக்கும். வெளியே ஒரு சட்டம், அதிலிருந்து தோலைத் துளைத்து எலும்புக்குள் இறங்கும் கம்பிகள். எனக்கு நடந்தது அவ்வளவு பெரிய விபத்தொன்றும் இல்லை. யார்டில் கண்டெய்னர் மேலிருந்து வழுக்கி விழுந்தேன். நீ இருந்திருந்தால் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் என்னை ஓட்டியிருப்பாய்.

ஆனால் கம்பி என்று டாக்டரம்மா சொன்னதுமே உன் கால்தான் கண்முன் வந்தது. காயத்தில் தண்ணீர் படவே கூடாது என்று உனக்கும் சொல்லித்தான் அனுப்பினார்கள். நீ கேட்டாயா? மூன்றாம் வாரமே, "கடல்ல கீச்சிக்கினா கடல்லயே கழுவிக்கினு போறவங்கோ நாம. உப்புத் தண்ணி பட்டா ரெண்டு நாள்ல காய்ஞ்சிடும், இட்டுகினு போடா" என்றாய். கெளுத்தி முள் குத்திய கையைக் கடலில் நனைத்தே வளர்ந்தவன்தானே நானும். உன் வீட்டுக்காரி செல்வி மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து உன்னை பைக்கில் ஏற்றி, காசிமேட்டுக் கல்லோரம் உட்கார வைத்து, உன் காலில் நானே தண்ணீரை அள்ளி ஊற்றினேன்.

அடுத்த வாரம் கம்பியைச் சுற்றிச் சிவந்தது. பிறகு சீழ். கடைசியில் முட்டிக்குக் கீழே காலையே எடுத்துவிட்டார்கள். "வுடு மாமு, நான்தானே கூப்ட்டேன்" என்று நீ அந்தப் பேச்சை முடித்துவிட்டாய். செல்வியிடம் மூச்சு விடவில்லை. நெஞ்சுவலியில் நீ போய்ச் சேர்ந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

என் கம்பிகள் டைட்டானியம். "தோல் கம்பியோட நல்லா ஒட்டாது, அந்த இடுக்கு வழியாத்தான் கிருமி இறங்கும்" என்றார் டாக்டரம்மா. "இதுக்கு மேல மெல்லிசா ஒரு பூச்சு இருக்கு. அதுல கலந்த வெள்ளி கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு கிருமியை ஒட்டவிடாது. இன்னும் சோதனையிலதான் இருக்கு, சம்மதமா?" கையெழுத்துப் போட்டேன். நண்பர் ஒருவருக்கு நடந்தது என்று உன் கதையையும் சொல்லிக் கேட்டேன். "கடல் தண்ணி கெடுத்திருக்கலாம். அது படாமலும் சீழ் பிடிக்கும், நம்ம தோல்மேலயே கிருமி இருக்கே" என்றார். பாதி பாரம் அங்கேயே இறங்கியது.

மீதி பாதி செல்வியிடம் இருந்தது. என் வீட்டுக்காரி கம்பியைப் பார்த்தாலே மயங்கி விழுவாள். அதனால் மூன்று மாதமும் செல்விதான் தினம் வந்து துடைத்துவிட்டாள். உன் காலில் பழகிய கை. இன்று கழற்றும்போதும் பக்கத்தில் நின்றாள். சிவப்பில்லை, சீழில்லை. "நல்லா கீது ண்ணா" என்றாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மிச்சப் பஞ்சைப் பையில் திணித்துக்கொண்டே, "தெரியும் ண்ணா. அன்னிக்கு அவுரு கால் கட்டுல கடல் மண்ணு ஒட்டிகினு இருந்துச்சு. நான்தானே தொடச்சி உட்டேன்" என்றாள்.

தெரிந்துகொண்டேதான் மூன்று மாதம் என் காலைத் துடைத்திருக்கிறாள், மாமு. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் அழுதேன். இப்போது மனசு லேசாக இருக்கிறது. உன் காலை நனைத்தது இந்தக் கைதான், அது என்னோடேயே இருக்கும். ஆனால் இனி உன் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்ள மாட்டேன்.