முதல் இடத்தில் மருத்துவம்

கோல சிலாங்கூர்
14.9.1986

அன்புள்ள நஜீபாவுக்கு,

இந்த அகால நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் பள்ளிக்கூடம், மாலையில் குழந்தை. அவள் ஸ்பிரிங் தொட்டிலில் அசந்த பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. இடது கையால் தொட்டிலை இழுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள். அவளுக்குச் சில நாளாகக் காய்ச்சல். பல் முளைக்கிறது என்கிறார் டாக்டர். எனக்கு எதைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது. சுங்கை பெசாரில் உன் அத்தாவுக்குச் சர்க்கரை இறங்கியதா? இன்னும் கடையில் அவரேதான் நிற்கிறாரா?

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். என் ஆறாம் படிவ மாணவி ஒருத்தி, பெயர் அம்சவள்ளி. முன்னோட்டத் தேர்வில் உயிரியல் பி, இரசாயனம் சி, பௌதிகம் டி. பொதுத்தாளில் தேறிவிடுவாள். கோலாலம்பூரில் உன் பள்ளியில் பல்கலைக்கழக விண்ணப்பங்களை நீதானே பார்க்கிறாய். இதற்கு மேல் வாசிக்காமலே உனக்குத் தெரிந்திருக்கும். மருத்துவத்துக்கு இது எட்டாது. செர்டாங் பல்கலைக்கழகத்தில் விவசாய விஞ்ஞானத்தை முதல் இடத்தில் போட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். மருத்துவத்தை மேலே ஏற்றி அதைக் கீழே தள்ளினால் இரண்டும் போகும். விவசாயத்தையே முதலாகக் கேட்டவர்கள் போக மிச்சம் என்ன இருக்கும்? பெண்ணுக்கும் செர்டாங்தான் ஆசை. ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் அவள் ஒட்டுக் கட்டிய ரம்புத்தான் கன்று செத்தே போய்விட்டது என்று நான் நினைத்தேன். துளிர்த்திருக்கிறது.

அவள் அப்பா பெயர் ரெங்கசாமி. எங்கள் பழைய தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் கிராணி. ஆமாம், அதே ஆள்தான்.

நாம் ஒன்றாக இருந்த விடுதியில் உனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இன்னொரு முறை கேள். எனக்கு மருத்துவப் படிப்புக்கு நேர்காணல் வந்த அன்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களைப் பெயர் கூப்பிடும் விடியற்காலைப் பெரட்டில் நின்று, வெளியே போகிற லோரியில் என்னை ஏற்றிவிடச் சொல்லி அம்மா கேட்டாள். "நவமணி மவ டாக்டராவப் போவுதாம். அப்ப ஒனக்கு பால்வாளி தூக்க யாரு லா?" என்றார் ரெங்கசாமி. வரிசை முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். நான் நடந்து பெரிய ரோட்டுக்கு வருவதற்குள் பஸ் போய்விட்டது. கோலாலம்பூரில் போய் இறங்கியபோது நேர்காணல் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். படிப்பு போனதைக்கூட விட்டுவிடுவேன். அம்மாவை அப்படிச் சிரிக்க வைத்ததை விட மாட்டேன்.

அந்த ரெங்கசாமி நேற்று மாலை மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அவரைக் கண்டதும், "வாங்கையா" என்று நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். என் வீட்டில், நஜீபா. அவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். "நம்ம தோட்டத்துப் புள்ள டீச்சரா இருக்கிறது எனக்குத்தான் பெரும. அன்னிக்கு நாந்தான லோரியில ஏத்திவுட்டேன், இல்ல நவமணி?" என்றார்.

அம்மா, "ஆமாங்கையா" என்றாள்.

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று நம்புகிறார். மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை, தனக்குப் பெருமையாகத் திருத்தி வைத்துக்கொண்டிருக்கிறார்.

அம்சவள்ளி மெதுவாகச் செர்டாங் பேச்சை எடுத்தாள். "வெவசாயம் படிச்சிட்டு வாளி தூக்கவா? கிராணி மவ லா நீ" என்று அவளை அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "டீச்சர் நீங்க சொல்லுங்க. டாக்டருக்கு சான்ஸ் இருக்கா, இல்லியா?"

இருக்கிறது என்றேன். நாக்குக் குழறவில்லை. முதல் இடத்தில் அதையே போடுங்கள், விவசாயத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

அடுத்த வருடம் முடிவு வரட்டும். ஏதாவது ஒரு காலை, பெரட்டில் நிற்கிற யாராவது ஒருத்தர், "கிராணி ஐயா, பாப்பா எந்த யூனிவர்சிட்டி?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்க வேண்டும். பதில் இல்லாமல் அவர் சிரிக்க வேண்டும், அம்மா சிரித்த மாதிரியே. அதைப் பார்க்கப் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டாவது போய் நிற்பேன்.

ஆனால் என் வார்த்தை மட்டும் அவருக்குப் போதவில்லை. "கோலாலம்பூர்ல பெரிய டீச்சர் யாராச்சும் எழுதிக் குடுத்தா தெம்பா இருக்கும்" என்றார். உன் பெயரைச் சொல்லிவிட்டேன். மருத்துவத்துக்கு வாய்ப்பு உண்டு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடு. ஆயிரத்தில் ஒன்றும் வாய்ப்புதானே. உன்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. அஞ்சு வேளை தொழுகிறவளிடம் என்ன கேட்கிறாள் பார் என்று கோபப்படுவாய். தாராளமாகக் கோபப்படு. எழுதிவிட்டுக் கோபப்படு.

இதையும் சொல்லிவிடுகிறேன். சான்ஸ் இருக்கிறது என்று நான் சொன்னதும் அம்சவள்ளி நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவா டீச்சர்?" என்றாள். தன்னைத் தானே குறைவாக எடை போட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. நான் வகுப்பில் சொன்ன எதையும் அவள் இன்னொரு புத்தகத்தில் சரிபார்த்ததில்லை. புறப்படும்போது என் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, நாளைக்குள் இறங்கிவிடும், பயப்படாதீர்கள் என்று எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனாள். காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.

விண்ணப்பத்தை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். ரெங்கசாமிக்கு நான் சொன்னபடி ஒரு தாள் எழுது. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது என்று உனக்கு ஏதாவது தோன்றினால், அதைத் தனியாக இன்னொரு தாளில் எழுதி அதே உறையில் வை. இரண்டில் எதைக் கொடுப்பேன் என்று மட்டும் என்னைக் கேட்காதே.

அத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல். உன் பிள்ளைகளுக்கு அவர்கள் ஆசைப்படுகிற படிப்பே அமையட்டும்.

சீக்கிரம் பதில் போடு, நஜீபா.

உன்
லீலாவதி