பூனைமேல் போட்ட பழி

அன்புள்ள சில்வண்டுக்கு,

சித்தி எழுதுகிறேன். இங்கு யாவரும் நலம் என்று எழுதினால் பாதிப் பொய், அங்கு நீ நலமா என்று கேட்டால் நீ முழுப் பொய்யாக ஒன்று சொல்வாய், ஆகவே அந்த வரியை இந்த முறை காலியாக விட்டிருக்கிறேன், உண்மை கிடைத்ததும் நிரப்பிக்கொள்ளலாம்.

நீ கல்லூரி லீவுக்கு வந்திருந்தபோது மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுக்கக் கையை உயர்த்தினாய், சட்டைக் கை சரிந்தது, என்னம்மா இது என்று உன் அப்பா கேட்டார், பூனை கீறிடுச்சுப்பா என்றாய். அப்போது நான் சொல்லாமல் விட்டது இது: அது பூனையின் வேலை இல்லை, நீயே கீறிக்கொண்டது என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது, வா, உள்ளே போய்ப் பேசலாம் என்றும் சொல்லவில்லை. நான் சொன்னது, மருந்து போட்டியா, அவ்வளவுதான். நாள் முழுக்க அச்சகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் எழுத்தில் ஒற்று விட்டுப்போனதைத் தேடிச் சிவப்பு வட்டம் போடுகிறவள், என் சமையலறையில் அவ்வளவு பெரிய பிழை நின்றபோது சரி என்று குறி போட்டு அனுப்பிவிட்டேன். எட்டு வருடத்துக்கு முன் நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பதின்மூன்று, ஒரு வார்த்தை அதிகம் கேட்டால் மாற்றாந்தாய் என்பார்களே என்று மரியாதையாக ஒதுங்கி நிற்கப் பழகினேன். மரியாதை என்பது நான் வைத்த பெயர். அதன் சொந்தப் பெயர் கோழைத்தனம்.

உன் அப்பா கதை வேறு. நீ ரயில் ஏறிய மறுநாளே பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் போய், உங்க பூனையைக் கட்டிப்போடுங்க, புள்ள கையப் பாத்தீங்களா என்று சண்டை போட்டார். அவர், சார், அதுக்குப் பல்லே ரெண்டுதான் பாக்கி, ஜன்னல்ல ஏறணும்னாலும் நான்தான் தூக்கிவிடணும் என்று சொல்லியும் கேட்கவில்லை. உன் அத்தை தன் பங்குக்கு மூன்று டியூப் களிம்பு வாங்கி வந்து, தழும்பு நின்னா பாக்க நல்லாவா இருக்கும், அவளுக்கு அனுப்பிவை என்றார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். இந்த வீட்டில் கண்ணை மூடிக்கொண்டது நாங்கள், பழி மட்டும் பூனைக்கு.

மூன்று வாரம் கழித்து உன் செய்தி வந்தது. வாய் ஓயாததால் சில்வண்டு என்று பேர் வாங்கியவள் மூன்றே சொல் அனுப்பியிருந்தாய், பூனை இல்ல சித்தி. நான் சரிடி, சொன்னது நல்லது, இப்போ கூட யாராவது இருக்காங்களா என்று கேட்டேன். அதற்கு முன் நான் தட்டி அழித்த அறிவுரைகளைத் தொகுத்தால் ஒரு புத்தகம் வரும், என் அச்சகமே அதைப் போட மறுக்கும்.

நம் வீட்டில் நானூறு புத்தகம் இருக்கிறது, ஒன்றிலும் ஒரு போன் நம்பர் இல்லை. ஆகவே அச்சகத்தின் காகிதக் கிடங்கில் நின்றுகொண்டு ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டேன். வாழ்க்கைப் பயிற்சியாளர் ஒருவர், பாசிட்டிவா நினைக்கச் சொல்லுங்க மேடம், மூணே செஷன், பளிச்னு ஆயிடுவாங்க என்றார், பாத்திரம் விளக்கும் பொடி விற்கிறவர் போல. தோல் கிளினிக்கில் ஒரு பெண், கை மட்டும்தானா, முகமும் சேத்துப் பண்ணா சலுகை இருக்கு என்றாள். பெயருக்குப் பின்னால் ஒரு வரி நீளத்துக்குப் பட்டம் போட்ட டாக்டர் ஒருவர், வயசுக் கோளாறும்மா, மத்தவங்க கவனிக்கணும்னு பண்றது, கண்டுக்காதீங்க என்றார். முழுக்கைச் சட்டை போட்டு மறைக்கிறவ யாரு சார் கவனிக்கணும்னு பண்றா என்று கேட்டேன். அவருக்கு அந்த நொடியே அடுத்த பேஷண்ட் வந்துவிட்டார்.

கடைசியில் நீ படிக்கும் ஊரிலேயே உள்ள ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு. போனை எடுத்த நர்ஸ் முதலில் கேட்டது, இப்ப அவங்க பாதுகாப்பா இருக்காங்களா. அந்த ஒரு கேள்வியிலேயே இது கடை இல்லை என்று தெரிந்துவிட்டது. இதற்கென்றே பயிற்சி எடுத்த உளவியல் நிபுணர் இருக்கிறாராம், வாரம் ஒரு முறை பேச வேண்டுமாம், அந்த எண்ணம் எப்போது வருகிறது, அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று சேர்ந்து பார்த்து, அது தணியும்வரை வேறு எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று பழக்குவார்களாம், தேவைப்பட்டால்தான் மருந்து. சில மாதம் ஆகும், நடுவில் ஒருமுறை சறுக்கினால் எல்லாம் போச்சு என்று அர்த்தமில்லை என்றும் சொன்னார். திட்டுவார்களா என்று கேட்டேன், உனக்காகத்தான். திட்டறதுக்கு வீட்லயே ஆள் இருப்பாங்களே மேடம், அதுக்கு எதுக்கு இங்க வரணும் என்றார். அவங்களே விருப்பப்பட்டு வரட்டும், இழுத்துட்டு வராதீங்க என்றும் சொன்னார். அதனால் நேரம் மட்டும்தான் கேட்டு வைத்திருக்கிறேன், போவது உன் கையில்.

நீ சொல்லலாம் என்ற பிறகுதான் அப்பாவிடம் சொன்னேன். செருப்பை மாட்டினார், கழற்றினார், பிறகு, அப்போ பூனை? என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது, அது எங்கே அழுகையானது என்று இருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் தையல்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனவர், வாய் வராமல் இரண்டு கால்சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். உன்மேல் அவருக்கு ஒரு துளிக் கோபமில்லை, தன்மேல்தான்.

வியாழக்கிழமை என்று நான் சொன்னதற்கு, பார்க்கலாம் சித்தி என்று பதில் போட்டிருக்கிறாய். பார்க்கலாம் என்பது மாட்டேன் என்பதற்கு மரியாதைப் பன்மை, எனக்கா தெரியாது. பேச வராவிட்டால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டு, பிழை இருந்தாலும் பரவாயில்லை, நான் திருத்த மாட்டேன். அறைத் தோழியிடம் என் நம்பரைக் கொடுத்து வை. அதற்குள் தாங்க முடியாத நேரம் ஏதாவது வந்தால் வியாழன்வரை காத்திருக்காதே, அதே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு எப்போதும் திறந்திருக்கும், என்னையும் கூப்பிடு, எந்நேரமானாலும் சரி, நான் ஒன்றும் மகாராணி இல்லை தூக்கம் கலைந்தால் கோபிக்க.

ஆசீர்வாதம் செய்ய எனக்கு வயது போதாது, உன்னைவிடப் பதினோரு வருடம்தான் மூத்தவள், ஆனால் பதவி இருக்கிறது, அந்த உரிமையில் சொல்கிறேன், நீ நன்றாக இருப்பாய். வியாழன், பதினோரு மணி, இரண்டாம் மாடி. சாப்பிட்டுவிட்டுப் போ.

இப்படிக்கு,
கேட்க வேண்டியதை மூன்று வாரம் கேட்காமல் இருந்த
உன் சித்தி

பி.கு.: இந்தக் கடிதம் தபாலில் சேராமல் என் பையிலேயே கிடந்துவிட்டது, ஆகவே பிறகு நடந்ததையும் சேர்த்து அனுப்புகிறேன். வியாழக்கிழமை நீ இரண்டாம் மாடிப் படிவரை போய்த் திரும்பிவிட்டாய். வெள்ளிக்கிழமை நீயே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வேறு நாள் கேட்டாய். செவ்வாய்க்கிழமை உள்ளே போனாய், ஐம்பது நிமிடம் இருந்தாய், அடுத்த செவ்வாய்க்கும் நேரம் வாங்கிக்கொண்டு வந்தாய்.