நானே பண்ணிகினேன்

பாவா,

இன்று காலை மாத்திரை போட்டுக்கொண்டு, பாதத்தில் மாட்டி இழுக்கும் பட்டையை எடுத்தேன். உங்கள் விசைத்தறியில் அறுந்துபோன பெல்ட் அது. தறி எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. நீங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததுபோல் இருந்தது.

அக்காவைக் கட்டிக்கொண்டதற்கு நானும் சேர்ந்து உங்கள் தலையில் விழுந்தேன். முதுகுத்தண்டில் அடிபட்டு நான் படுத்த நாளிலிருந்து, தறிக்குப் போகுமுன் தினமும் வந்து என் கால்களை நீட்டி மடக்கினீர்கள். துணி மாற்றினீர்கள். நான் எரிந்து விழுந்தால், "கத்து மச்சான், கத்து. காலை வுட மாட்டேன்" என்பீர்கள். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியோடு மலையேறும்போதும், "முருகன் காத்துகினு இருப்பாரு, உன் காலு இருக்குமா?" என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு டாக்டர், கால் விறைப்பைத் தளர்த்தும் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அது வேலை செய்யும் நேரத்தில் பயிற்சியும் செய்யச் சொன்னார். போன மாதம் காலைத் தாங்கும் காலிப்பர் சட்டம் மாட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் பாவா!

"இத்தனை வருஷம் ஆகியும் கணுக்கால் இறுகிப் போகல. போயிருந்தா எந்த மாத்திரையும் உங்களை நிக்க வெச்சிருக்காது. யாருங்க காலை நீட்டிவிட்டது?" என்று டாக்டர் கேட்டார்.

"நானே பண்ணிகினேன் சார்" என்றேன்.

சுற்றிலும் ஆட்கள். இத்தனை வருஷம் இன்னொரு ஆண்பிள்ளையின் கையில் கிடந்தேன் என்று சொல்ல வாய் கூசியது. அக்கா பக்கத்தில்தான் நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே நடந்தாள்.

நேற்று மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். தென்னையிலிருந்து விழுந்த மணவூர்க்காரர் ஒருவர் படுத்திருந்தார். காலை நீட்டிவிடக் குனிந்த மனைவியின் கையைத் தட்டிவிட்டு, என்னைக் காட்டினார்.

"நீ போய் வயலைப் பாரு. அவரு தனியாத்தான் பண்ணாராம், டாக்டரே சொல்றாரு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. "இல்லீங்க, நான் பொய் சொன்னேன். எங்க பாவாதான் பண்ணாரு. அம்மா பண்ணட்டும், வுடுங்க" என்றேன்.

அந்த அம்மா தயங்கி, "எப்பிடிப் புடிக்கணும்னு காட்டுங்களேன்" என்றார்.

சக்கர நாற்காலியை நெருக்கிக்கொண்டு போய், மணவூர்க்காரரின் குதிகாலை உள்ளங்கையில் வாங்கினேன். என் விரல்கள் தாமாகவே உங்களைப்போல் பிடித்தன. உங்கள் பிடியை என் கால் ஒருநாளும் உணர்ந்ததில்லை, பாவா. பார்த்துப் பார்த்தே அது என் கைக்கு வந்திருக்கிறது.