மூடி போட்ட வாளி

செக்ரட்டரி அச்சுதன் சாருக்கு,

உங்கள் மனைவி நித்யஸ்ரீ உங்களோடு பேசுவதில்லை என்பதால், அவள் சார்பில் இந்தச் சீட்டு.

அபார்ட்மெண்ட் மோட்டார் எரிந்துபோனதிலிருந்து மூன்று மாடி தண்ணீர் தூக்கி அவள் இடுப்பு விட்டுப்போச்சு. நேற்று அசோசியேஷன் மீட்டிங்கில், புது மோட்டார் வாங்கப் பணம் கேட்டதற்கு, "கார்ப்பஸ் ஃபண்ட் அவசரத்துக்கு ஒதுக்கி வெச்ச பணம், அதுல கை வைக்கவே கூடாது!" என்று நீங்கள் முழங்கியதையும் கேட்டாள். இதைவிட அவசரம் பூகம்பமா?

குளிப்பதற்காகக் குரோம்பேட்டை அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். ரசம் அடுப்பில், சுட வைத்துக்கொள்ளவும்.

பாத்ரூமில் மூடி போட்டிருக்கும் ஒரு வாளி தண்ணீர்தான் இந்த வீட்டுக் கார்ப்பஸ். கை வைக்கக் கூடாது.

பி.கு.: வெயிலில் வேர்த்து வருவீர்கள். எடுத்துக் குளியுங்கள். ஒதுக்கி வைப்பதே இப்படி ஒரு நேரத்துக்குத்தான், செக்ரட்டரி சார்.